வெட்டிய மூச்சுகள்

டர்பன், உம்கேனி சாலை. டயர்க்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் என் ஸ்டுடியோ.
கீழே சக்கரம் கழற்றும் காற்றுத் துப்பாக்கி
இரைந்து ஓயும் இடைவெளிகளில்
பதினோரு வருடம் லோலா கிரேயைப் பதிவு செய்தேன்.

பதிவு என்பது பாதி வேலை.
மீதி, துடைப்பது.
முன்பற்களின் சந்தில் அவளுக்கு
ஒவ்வொரு 'ச'வும் சன்னமாய் விசிலடிக்கும்.
அதை அமுக்க ஒரு கருவி.
மேல்ஸ்தாயியில் மயிரிழை இறங்குவாள்.
தூக்கி நிறுத்த இன்னொன்று.
வரிக்கும் வரிக்கும் நடுவே
மூழ்கி எழுந்தவள் போல் காற்றை இழுப்பாள்.
அதற்குக் கருவி வேண்டாம்,
கத்தரி போதும்.

மூச்சே விடாமல் பாடும் பெண் என்று
ஜோகன்னஸ்பர்க் பத்திரிகை ஒன்று வியந்தது.
அந்தத் துண்டையும் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

போன மார்ச்சில் வந்தாள், காரை எங்கோ விட்டுவிட்டு நடந்து.
முகத்தில் எதுவும் பூசியிருக்கவில்லை.
உடம்புக்கு என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.
"ரூபன், இந்த ஆல்பத்துல எதையும் தொடாதே.
அட்டையில என் பேர் லோகநாயகி கவெண்டர்."
பள்ளிக்கூடத்து டீச்சர் நாக்குக்கு அடங்காமல்
நறுக்கி, முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்ட பெயர்.
போஸ்டர்ல நிக்காதே என்றேன்.
"போஸ்டரைப் பெரிசாக்கு."

கம்பெனிக்குச் சந்தோஷம்.
உண்மைக்கு இப்போது நல்ல விலை என்றார்கள்.
உண்மையான புகைப்படத்துக்காக
நாலு மணி நேரம் விளக்குக் கட்டினார்கள்.
கலைந்த தலையைக் கலைக்கவே ஒரு ஆள் வந்தான்.

நாலாம் பாட்டின் நடுவே மின்வெட்டு.
மடிக்கணினி பேட்டரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க
இருட்டில் பாடிக்கொண்டே போனாள்.
பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டர்
அவளுக்கு அரைச் சுருதி கீழே முனகியது.
அதுவும் இருக்கட்டும் என்றாள்.

ஏழாவதில் ஒரே ஒரு தமிழ் வரி.
சாட்ஸ்வொர்த் வீட்டில், கொடியில் துணி காயும்போது
அவள் அம்மா போட்ட சத்தம்:
மழை வருது, ஓடியா.
பாடினாள்: மளை.
சென்னையில் ஒரு பெண் அந்த ஒரு சொல்லை மட்டும்
பாடி அனுப்புவாள், ஒட்டிவிடலாம் என்றது மின்னஞ்சல்.
லோகா ஹெட்போனைக் கழற்றினாள்.
"எங்கம்மா மளைன்னுதான் சொல்லும்.
அப்பவும் நனைஞ்சோம்."

ஒன்பதாவது, அவள் அப்பா பெட்டியோடு போன ராத்திரி.
ஒரே மூச்சில், அதாவது
நாற்பத்தோரு மூச்சில் முடித்தாள்.
இன்னொருதரம் பாட மாட்டேன் என்று
செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள்.
நள்ளிரவில் கேட்டபோதுதான் தெரிந்தது:
கடைசி வரிக்குச் சற்றுமுன்
துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்று
அவள் மூச்சின்மேல் ஏறிப் போயிருந்தது.

லாரியை எடுத்தேன். கேட்கவில்லை, எடுத்தேன்.
எடுத்த இடத்தில் பள்ளம்.
கடைசி வரி மூச்சு வாங்காமல் வந்து நின்றது,
லோலா கிரே மாதிரி.

அப்போது அந்தக் கோப்புறையைத் திறந்தேன்.
'குப்பை' என்று பெயர்.
பதினோரு வருடத்தில் நான் வெட்டிய அத்தனை மூச்சும்
தேதிவாரியாய் இருந்தன.
ஏன் அழிக்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை.
கேட்டால், வட்டில் இடமிருந்தது என்பேன்.

முதல் ஆல்பம், மூன்றாம் பாட்டு.
ஒரு தும்மலுக்கும் ஒரு சிரிப்புக்கும் இடையிலிருந்து
எடுத்துவைத்தேன். உட்கார்ந்துகொண்டது.
முப்பத்தேழு வயதுக்காரியின் கடைசி வரிக்கு
இருபத்தாறு வயதுக்காரி மூச்சு வாங்குகிறாள்.

ஆல்பம் வந்த வாரம் ரசிகை ஒருத்தி
அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
ஒன்பதாம் பாட்டு முடிவில் ஒரு மூச்சு வருதே,
அந்த இடத்துலதான் நீங்க நீங்களா இருக்கீங்க.

லோகா தலையாட்டினாள்.
மறுநாள் படியேறி வந்து, ஹெட்போனை மாட்டி,
ஒன்பதாவதைப் போடச் சொன்னாள்.
கண்ணை மூடிக் கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள்.
கீழே காற்றுத் துப்பாக்கி ஓய்ந்தது.

"லாரி எங்கே, ரூபன்?"